ரைஃபிள் வாங்கப் போறீங்களா? பட்ஜெட்டா, காஸ்ட்லியா... முடிவு பண்றது லைசென்ஸ் புத்தகம்தான்!

பாரீஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி, 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அப்போது அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். ‘மாசச் சம்பளம் வாங்குறவங்களும் இந்த விளையாட்டுக்குள்ள வரலாம் போல’ என்று நினைக்க வைத்த பதக்கம்.

வரலாம். ஆனால், ரேஞ்சுக்குப் போய் நாலைந்து மாதம் கிளப் துப்பாக்கியில் சுட்டுப் பழகியதும் ஒரு கேள்வி வந்து நிற்கும். “இப்போதைக்கு விலை குறைவான ரைஃபிள் ஒண்ணு வாங்கிட்டு, அப்புறம் ஒவ்வொரு பார்ட்டா மாத்திக்கலாமா? இல்ல, கொஞ்ச நாள் பொறுத்து நல்லதாவே வாங்கிடலாமா?”

பைக்கிலும் கம்ப்யூட்டரிலும் இந்த ‘அப்புறம் அப்கிரேடு’ கணக்கு பெரும்பாலும் வேலை செய்யும். ரைஃபிளில், அதுவும் இந்தியாவில், பாதிதான் வேலை செய்யும். எந்தப் பாதி என்று தெரியாமல் வாங்கினால் பணத்தோடு லைசென்ஸில் ஓர் இடமும் வீணாகும்.

ஷூவில் தெரிந்த கணக்குதான்!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பகுதியில் இருப்பவர்களுக்கு இதை ஒரு ஷூவை வைத்தே சொல்லிவிடலாம். குட்இயர் வெல்ட் முறையில் தைத்த ஷூவுக்கு சோல் தேய்ந்தால் புதிய சோல் போடலாம். லேஸ், இன்சோல், ஹீல் எல்லாம் மாற்றலாம். ஆனால், மேல்பகுதித் தோல் மட்டமானதாக இருந்தால் எந்த சோல் போட்டாலும் அது நல்ல ஷூ ஆகாது. வெறும் பசையில் ஒட்டிய மலிவு ஷூவில் சோல் மாற்றும் செலவுக்குப் புது ஷூவே வாங்கிவிடலாம்.

ரைஃபிளில் அந்த ‘மேல்பகுதித் தோல்’ என்பது பேரலும் ஆக்‌ஷனும். மற்றதெல்லாம் சோல், லேஸ் மாதிரி.

போல்ட் ஆக்‌ஷன்னா என்ன?

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். புதுத் தோட்டாவை வைத்து முன்னால் தள்ளி, கைப்பிடியைக் கீழே இறக்கினால் பூட்டிக்கொள்ளும். இந்தத் தாழ்ப்பாள்தான் போல்ட். அது ஓடுகிற உறை ரிசீவர். இரண்டும் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன்.

ஒவ்வொரு முறையும் கையால் இயக்க வேண்டும் என்பதால் வேகம் குறைவு. ஆனால், சுடும் நொடியில் உள்ளே தானாக நகரும் பாகங்கள் குறைவு. தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி பூட்டப்படும். துல்லியத்துக்குத் தேவை அதுதான். 50 மீட்டர் போட்டியில் பயன்படுவது .22 போர், அதாவது 5.6 மி.மீ. தோட்டா. அந்த தூரத்தில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 10.4 மி.மீ.

காசு எங்கே போகுது?

ஒரே நிறுவனத்தின் இரண்டு ரைஃபிள்களை ஒப்பிட்டாலே இது புரியும். ஜெர்மனியின் உல்ம் நகரைச் சேர்ந்த அன்ஷூட்ஸ், .22 போட்டி ரைஃபிள்களுக்குப் பேர்போன நிறுவனம். அதன் 1903 மாடல் ஆரம்ப, நடுத்தர நிலை வீரர்களுக்கானது. 64 என்ற ஆக்‌ஷனில் வருகிறது. 1907, 1913 மாடல்களில் இருப்பது 54 மேட்ச் ஆக்‌ஷன். 1954-ல் வந்ததால் அந்தப் பெயர். இன்றும் உலகப் போட்டிகளில் அந்த வரிசை நிற்கிறது.

கடையில் பார்த்தால் இரண்டிலும் கட்டை இருக்கிறது, பேரல் இருக்கிறது, டிரிக்கர் இருக்கிறது. வித்தியாசம் உள்ளே. விலை உயர்ந்த ஆக்‌ஷன் கனமானது, விறைப்பானது. டிரிக்கரை மில்லிமீட்டர் கணக்கில் நுணுக்கமாகச் சரிசெய்ய முடியும். அதைவிட முக்கியம், அந்த ஆக்‌ஷனைச் சுற்றி ஒரு பெரிய உதிரிபாகச் சந்தையே இருக்கிறது. மரக்கட்டையைக் கழற்றிவிட்டு அலுமினியக் கட்டை போடலாம், இரண்டு ஸ்க்ரூதான். பத்து ஆண்டு கழித்து வரும் புதிய கட்டையும் அதே ஆக்‌ஷனுக்கு ஏற்ற மாதிரி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பட்ஜெட் ரைஃபிளில் இந்த வசதி குறையும். உதாரணமாக, மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாராகும் .22 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். நம் நாட்டுத் தயாரிப்பு, போல்ட் ஆக்‌ஷன், பழகுவதற்கு ஆகும். ஆனால், போட்டிக்கான டயாப்டர் சைட், சரிசெய்யக்கூடிய கட்டை, மேட்ச் டிரிக்கர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க நினைத்தால், அதற்கென்று செய்த பாகங்கள் கிடைப்பது கஷ்டம். அப்படியே பட்டறையில் சொல்லிச் செய்து மாட்டினாலும், உள்ளே இருக்கும் பேரல் அதேதான்.

எதை மாத்தலாம், எதை மாத்த முடியாது?

இந்தியாவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது பட்டறை மட்டுமல்ல, 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும்தான்.

லைசென்ஸில் துப்பாக்கியின் வகை, போர், எண் எல்லாம் பதிவாகியிருக்கும். பேரல், ரிசீவர், போல்ட் ஆகியவை சட்டத்தின் பார்வையில் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ கிடையாது. அவையும் துப்பாக்கிக் கணக்கிலேயே வரும். அதனால், வெளிநாட்டில் செய்வதுபோல ‘பேரலை மட்டும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு மாத்திக்கலாம்’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. அனுமதி இல்லாமல் பேரலைக் குறைப்பது, துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவது, எண்ணை அழிப்பது எல்லாமே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது, மாற்றியமைப்பது, பேரலைக் குறைப்பது போன்றவற்றுக்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ‘தெரிஞ்ச லேத் பட்டறை இருக்கு, பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால், அங்கிருந்து உடனே கிளம்பிவிடுவது நல்லது.

கட்டை, தோள்பட்டையில் படும் பட் பிளேட், கன்னம் வைக்கும் பகுதி, சைட், ஸ்லிங் பெல்ட், எடை சேர்க்கும் துண்டுகள் ஆகியவை வேறு ரகம். இவற்றை மாற்றினாலும் லைசென்ஸில் உள்ள போரோ எண்ணோ மாறாது. பின்னால் அப்கிரேடு என்று நிம்மதியாகச் சொல்லக்கூடியவை இவைதான். டிரிக்கர் வேலை மட்டும் லைசென்ஸ் பெற்ற ஆர்மரரிடம் போக வேண்டும். அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகம்.

ஆக, இன்று காசைப் போட வேண்டிய இடம் பின்னால் மாற்றவே முடியாத பேரலும் ஆக்‌ஷனும். கட்டை சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை. பளபளக்கும் கட்டையும் சுமாரான பேரலும் சேர்ந்து வந்தால், அது பின்னால் தலைவலி.

லைசென்ஸில் எத்தனை இடம்?

2019 திருத்தத்துக்கு முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். இப்போது இரண்டுதான். லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப் உறுப்பினர்களின் இலக்குப் பயிற்சிக்கும், தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கும் இந்த எண்ணிக்கையில் விலக்கு உண்டு. ஆனால், புதிதாக விண்ணப்பிக்கும் ஒருவர் அந்த விலக்கை நம்பி முதல் துப்பாக்கியை அவசரமாக வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை. ‘முதல்ல இது, ரெண்டு வருஷம் கழிச்சு வித்துட்டு வேற’ என்று நினைத்தாலும், விற்பது செகண்ட் ஹேண்ட் பைக் விற்பது மாதிரி இல்லை. வாங்குபவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்கும் எண்ணத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, சட்டம் சொல்லும் 45 நாள் காத்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் எங்கே? பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, மேல்விஷாரம் பக்கம் ராணிப்பேட்டை மாவட்டம். பேரணாம்பட்டு, குடியாத்தம் வேலூர் மாவட்டம். அந்தந்த மாவட்ட ஆட்சியர்தான் உரிமம் வழங்கும் அதிகாரி. போலீஸ் விசாரணை அறிக்கை, பாதுகாப்பான கையாளுதலுக்கான பயிற்சிச் சான்று, துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைக்கும் ஏற்பாடு எல்லாம் பார்க்கப்படும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதினர் பயிற்சிக்காக மட்டும், கண்காணிப்பில், நிபந்தனைகளோடு சுடலாம்.

எவ்வளவு நாளில் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இத்தனை அலைச்சலுக்குப் பிறகு வாங்கும் துப்பாக்கி, ஆறு மாதத்தில் ‘போதல’ என்று தோன்றக் கூடாது.

வெளிநாட்டு ரைஃபிள் எல்லோருக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. 1980-களின் நடுவிலிருந்தே பொதுமக்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறக்குறைய அடைக்கப்பட்ட வழி. தேர்ந்த வீரர்களும் ரைஃபிள் கிளப்களும் மட்டுமே, விளையாட்டுத் துறையின் பரிந்துரையோடு, சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யலாம். அதனால் புதிதாக வருபவருக்கு அன்ஷூட்ஸ், வால்தர் போன்றவை பெரும்பாலும் கிளப் வழியாகவோ, மூத்த வீரர் விற்கும் பழைய துப்பாக்கியாகவோதான் கைக்கு வரும்.

பழையது என்பதால் பயப்பட வேண்டாம். .22 தோட்டாவின் குண்டு மிருதுவான ஈயம். வேகமும் ஒலியின் வேகத்தை ஒட்டித்தான் இருக்கும். நன்றாகப் பராமரித்த பேரல் பல்லாயிரம் ரவுண்டு தாங்கும். நல்ல ஆக்‌ஷன் உள்ள பழைய ரைஃபிள், சுமாரான ஆக்‌ஷன் உள்ள புது ரைஃபிளைவிட அப்கிரேடுக்கு ஏற்றது. வாங்கும் முன் பேரலின் நுனியில் அடிபட்ட தடம் இருக்கிறதா, உள்ளே துரு இருக்கிறதா, எண் லைசென்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் வைத்து, இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களில் சுட்டுப் பார்த்துவிடுவது அவசியம்.

.315 வாங்கினால் ஆகாதா?

துப்பாக்கிக் கடைகளில் அதிகம் கேள்விப்படும் உள்நாட்டு போல்ட் ஆக்‌ஷன் இதுதான். இதுவும் இஷாபூர் தயாரிப்பு. பழைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைஃபிளின் ஆக்‌ஷனை அடிப்படையாகக் கொண்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் ராணுவத் தோட்டாவான .303-ஐப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்பதால், அதே வகை ரைஃபிள் வேறு தோட்டாவுக்கு மாற்றப்பட்டு .315 ஆனது. .303 இன்றும் தடை செய்யப்பட்ட போர்; .315 அப்படி இல்லை.

உறுதியான துப்பாக்கிதான். ஆனால், ஒலிம்பிக்கில் உள்ள ரைஃபிள் போட்டிகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும், 50 மீட்டர் .22-வும் மட்டுமே. வேட்டை 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே கதை முடிந்த விஷயம். விளையாட்டுக்காக வருபவர் ‘கிடைக்குதே’ என்று .315 வாங்கினால், இருக்கும் இரண்டு இடத்தில் ஒன்று போய்விடும். அதை எத்தனை அப்கிரேடு செய்தாலும் .22 போட்டிக்குள் கொண்டுவர முடியாது.

லைசென்ஸே வேண்டாத வழி

இங்கேதான் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான பதில் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. (.177) போருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அடையாள, முகவரிச் சான்று கொடுத்து வாங்கலாம். போட்டியில் பயன்படும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல்தான். ஆனால் 10 புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி! 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-ல் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் எடுத்ததும் இந்தப் பிரிவில்தான்.

இதிலும் ‘பட்ஜெட்டா, காஸ்ட்லியா’ உண்டு. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பிரிசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்களின் ஏர் ரைஃபிள்கள் ஆயிரங்களில் கிடைக்கும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் மேட்ச் ரைஃபிள்களுக்கு லட்சங்களில் எண்ண வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். லைசென்ஸ் எண்ணிக்கை இல்லாததால், இங்கே தவறான தேர்வுக்கு விலை பணம் மட்டும்தான். உடம்பு நிலை, மூச்சு, டிரிக்கர் அழுத்தம் ஆகியவற்றைப் பழகும் முதல் ஓர் ஆண்டுக்கு, கிளப் ரைஃபிளோ இந்தியத் தயாரிப்போ தாராளமாகப் போதும். கற்றுக்கொண்டது அப்படியே .22-க்கும் வரும்.

பழைய மேட்ச் ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: காற்று அடைக்கும் சிலிண்டரின் தேதி. உள்ளே 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். வழக்கமாக உற்பத்தித் தேதியிலிருந்து 10 ஆண்டுதான் அதன் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. பாதுகாப்புக்கும் அது கேடு. ‘விலை கம்மியா வருது’ என்று வாங்கிய ரைஃபிளுக்குப் புது சிலிண்டர் தேடும்போது, மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

தோட்டாக் கணக்கை மறந்துடாதீங்க!

ரைஃபிள் ஒருமுறை செலவு. தோட்டா மாதாமாதச் செலவு. வாரம் ஒரு நாள் ரேஞ்சுக்குப் போய் 60 ரவுண்டு சுட்டால், மாதம் 240, ஆண்டுக்கு 2,880. ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும். போட்டித் தரத் தோட்டாக்கள் பெரும்பாலும் இறக்குமதி.

ஒரே பெட்டி வகையிலும் ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியும் ஒவ்வொரு பேரலில் ஒவ்வொரு மாதிரி சுடும். அதனால்தான் பெரிய வீரர்கள் துப்பாக்கியை மாற்றும் முன் தோட்டாவை மாற்றிப் பார்க்கிறார்கள். கையில் உள்ள மொத்தப் பணத்தையும் ரைஃபிளில் கொட்டிவிட்டு, தோட்டாவுக்குக் காசில்லாமல் மாதம் ஒருமுறை சுடுபவரைவிட, சுமாரான ரைஃபிளில் வாராவாரம் சுடுபவர் முன்னேறிவிடுவார்.

பயணச் செலவும் இந்தக் கணக்கில் சேரும். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கி.மீ.; ஆம்பூரிலிருந்து இன்னும் 50 கி.மீ. கூடுதல்.

உடையும் ஷூவும்

ரைஃபிள் வீரரின் விறைப்பான ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் கேன்வாஸும் தோலும் சேர்ந்தவை. முதுகையும் இடுப்பையும் தாங்கிப் பிடிப்பவை. சர்வதேச விதியில் இவற்றுக்கும் அளவு உண்டு: ஜாக்கெட்டின் கனம் ஓர் அடுக்குக்கு 2.5 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. ஷூ மேல்பகுதியின் கனம் 4 மி.மீ.-க்குள், முன்பக்க சோல் 10 மி.மீ.-க்குள், அதுவும் வளைய வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் தோல் கனம் பார்த்தே பழகிய ஊர்க்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. தொடக்கத்தில் விலை உயர்ந்த ரைஃபிளைவிட, அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் அதிகப் புள்ளி வாங்கித் தரலாம். ரைஃபிள் மாறினாலும் ஜாக்கெட் கூடவே வரும்.

அப்போ எந்த வரிசையில செலவு பண்ணலாம்?

முதல் 6 மாதம்: கிளப் உறுப்பினர் கட்டணம், கிளப் ஏர் ரைஃபிள், பயிற்சி. சென்னை தவிர கோவை, மதுரை, திருச்சியிலும் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. சொந்தத் துப்பாக்கி வேண்டாம்.

அடுத்து: அளவான ஜாக்கெட், ஷூ, கையுறை. பிறகு லைசென்ஸ் தேவையில்லாத ஏர் ரைஃபிள். பட்ஜெட் ரைஃபிளுக்கு அர்த்தம் இருக்கும் ஒரே இடம் இது.

.22 போட்டிதான் என்று முடிவான பிறகு: லைசென்ஸ் விண்ணப்பம். காத்திருக்கும் காலத்தில் கிளப் .22-ல் பயிற்சி, கூடவே பணம் சேர்ப்பு.

லைசென்ஸ் கைக்கு வந்ததும்: கையில் உள்ள பணத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பேரலும் ஆக்‌ஷனும். கட்டை பழையதாக இருக்கட்டும், நிறம் போயிருக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் அப்கிரேடு: முதலில் சைட், பிறகு பட் பிளேட், கடைசியாகப் புதுக் கட்டை. ஒவ்வொரு போனஸுக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் அவசரமில்லை. வெளிநாட்டிலிருந்து எந்தப் பாகம் வரவழைப்பதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் கிளப்பிடமும் உரிமம் வழங்கும் அலுவலகத்திடமும் கேட்டுவிடுவது நல்லது.

இந்த வரிசையில் போனால் சொந்த .22 கைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். அதற்குள் ஆர்வம் குறைந்துவிட்டால் இழப்பு ஒரு ஜாக்கெட்டும் ஓர் ஏர் ரைஃபிளும்தான். இரண்டையும் கிளப்பில் புதிதாக வருபவருக்கு விற்றுவிடலாம்.